வீட்டுக்காரருக்காக ஒரு ஜெபம்

நினைவு ஆராதனையில் தான் பேசப்போவதில்லை என்று கிருபாவதி முன்பே சொல்லிவிட்டாள். மகன் ஜெயப்பிரகாஷும் வற்புறுத்தவில்லை. "நீ முன்னால வந்து உக்காந்தா போதும்மா. குடும்பத்து சார்பா நானே ரெண்டு வார்த்த பேசிடறேன்" என்றான்.

அவள் கணவர் சற்குணம் போதகர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆம்பூர்க் கோயில் நிறைந்து, வெளியே வேப்பமரத்தடியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் ஊழியம் செய்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆலங்காயத்திலிருந்து ஒரு வேன் நிறைய. குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் சிலர். ஷூ கம்பெனியில் ஷிப்டு முடிந்த பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கிருபாவதியிடம் தையல் மிஷின் ஓட்டக் கற்றவர்கள்.

ஒவ்வொருவராக மைக் பிடித்துப் பேசினார்கள். தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ரஷீத் அஹமது கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். "எங்க ஷாப்புல ஸ்ட்ரைக் நடந்தப்போ பாஸ்டர் ஐயா கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னாரு. நீங்க யாரு பக்கம்னு கேட்டேன். சமைக்காத அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம்னாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆனா அன்னிக்கு சாயங்காலமே ஆளுங்கள உள்ள கூப்ட்டுப் பேசிட்டேன்" என்றார். கூட்டம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது.

அடுத்து ஆலங்காயத்து ராஜம்மாள் வந்தாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பின்னுக்கு நகர்ந்து நின்றே பேசினாள். "எம் பையன் லாரில அடிபட்டுப் போனப்போ தெனம் சாயங்காலம் வருவாரு. எங்கூட உக்காருவாரு. வேதம், பாட்டு, ஒண்ணும் கெடையாது. நான் அழுது முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்துட்டு எழுந்து போவாரு. எம் புருசனே அப்பிடி உக்காரல."

அதைக் கேட்டதும் கிருபாவதி எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அடுத்துப் பேச வேண்டியவன் ஜெயப்பிரகாஷ். அவன் அரைகுறையாக எழுந்து அம்மாவைப் பார்த்தான். ஆராதனையை நடத்திக்கொண்டிருந்த இளம்போதகர் பிரேம்குமார் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டார்.

"எனக்கு ஒரு சங்கதி சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

அவள் அங்கே சொன்னது கொஞ்சம்தான். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

சற்குணம் நல்ல கணவர். இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை, கிருபாவதிக்கும் இல்லை. கல்யாணமான புதிதில் குடியாத்தத்தில் சின்ன சபை. சம்பளம் என்று கையில் வருவது வாய்க்கும் வயிற்றுக்கும் எட்டாது. பிறகு ஆம்பூருக்கு மாற்றலாகி வந்தபோது, கிருபாவதி ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். போதகரின் மனைவி கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவது சபைக் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார்கள். சற்குணம் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். "வேதத்துல அப்போஸ்தலரே கூடாரம் தெச்சுதான் சாப்ட்டாரு. எங்க வீட்டம்மா ஷூ தெக்கறாங்க. இதுல இன்னா கொறச்சல்?" என்று கேட்டார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

காலையில் தோசை வார்ப்பவர் அவர்தான். அவளுடைய டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில் கொடுத்து, தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிடுவார். ஜெயப்பிரகாஷுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது, பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குச் சட்டை இஸ்திரி போட்டது, அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தது எல்லாம் அவர்தான். அவள் சூப்பர்வைசர் ஆன அன்று பிரசங்கத்தின் நடுவில் அதை அறிவித்து அவளைத் தலைகுனிய வைத்தார்.

ஆனால் ஜெயப்பிரகாஷ் பிறப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள்.

சுகந்தி என்று பெயர். குடியாத்தத்தில் பிறந்தாள். மூன்று வயது முடிவதற்குள் மூளைக்காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் நிறையக் குழந்தைகளுக்கு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி வாடகை காரில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அடக்கத்தை நடத்த வாணியம்பாடியிலிருந்து வேறொரு போதகர் வருவதாக இருந்தது. "வேணாம், நானே செய்யறேன்" என்றார் சற்குணம். அங்கி போட்டுக்கொண்டு, குரல் பிசகாமல் எல்லாவற்றையும் படித்து முடித்தார். மண் போட்டார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். கிருபாவதி சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். அவர் வாசல்படி வரை வந்து நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சபையில் ஒரு கல்யாணம். கைலி நெய்கிற குடும்பத்துப் பெண். தேதி எப்போதோ குறித்தது. கோயிலும் போதகர் வீடும் ஒரே காம்பவுண்டு. பந்தலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. படுத்த இடத்திலிருந்தே கிருபாவதி அவ்வளவையும் கேட்டாள். பாட்டு, வேதவாசிப்பு, மணமக்களின் உறுதிமொழி. அதற்குப் பிறகு அவருடைய பிரசங்கம். மாமியார், மருமகள், தறி, நூல் என்று ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்னொன்று சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்புச் சத்தம் அவள் காதில் அப்படியே தங்கிவிட்டது. அவரால் அது எப்படி முடிந்தது என்று அவள் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த குழந்தையின் படம் ஒருநாள் காணாமல் போயிருந்தது. சுகந்தி என்ற பெயர் அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒலிக்கவில்லை. தனக்கு ஓர் அக்கா இருந்து இறந்துபோனாள் என்பதையே ஜெயப்பிரகாஷ் யாரோ சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்துகொண்டான். அம்மாவைக் கேட்டான். "ஆமாண்டா" என்றாள். அதற்குமேல் பேச்சு போகவில்லை.

ஒரு வீட்டுக்குள் இப்படி ஒரு மூடிய கதவை வைத்துக்கொண்டு நல்லபடியாகவே வாழ்ந்துவிட முடியும். அவர்கள் வாழ்ந்தார்கள்.

ஓய்வு பெற்றபின் ஆம்பூரிலேயே சிறிதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். சில வருஷங்களில் சற்குணத்துக்கு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு தெரு. பக்கத்து வீட்டு வஜீதாவின் மகன் தபரேஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அடிக்கடி அவரை எங்கிருந்தாவது ஏற்றிக்கொண்டு வருவான். "அம்மா, பாஸ்டர் ஐயா பஸ் ஸ்டாண்டுல ஆலங்காயம் பஸ்ஸ கேட்டுட்டு நின்னுட்டு இருந்தாரு. அங்க யாரோ ஒடம்பு சரியில்லாம இருக்காங்களாம், ஜெபம் பண்ணப் போணுமாம்." வஜீதா தலையில் கை வைத்துக்கொள்வாள். "பேஜாரா போச்சு அக்கா உங்களுக்கு. ஆனா பாருங்க, எல்லாம் மறந்துட்டாரு, யாருக்கு இன்னா கஷ்டம்ன்றது மட்டும் மறக்கல" என்பாள்.

கடைசியில் முகங்களும் போயின. ஜெயப்பிரகாஷைப் பார்த்து "தம்பி எந்தச் சபை?" என்று கேட்டார். அவன் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தான். கிருபாவதியைச் சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. தெரியாத நாட்களில் அவளைத் தன்னைத் தேடி வந்த சபைப் பெண் என்று நினைத்துக்கொள்வார். எதிரே இருக்கும் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா. இன்னா விஷயமா வந்தீங்க?" என்பார். "சும்மாதான் ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று இவள் தலைகுனிந்து உட்காருவாள். ஜெபம் மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் வரும்.

ஒருநாள் மதியம் சாப்பாடான பிறகு அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் வெள்ளை ஜிப்பாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் அதே கேள்விதான். "சொல்லுங்கம்மா. இன்னா விஷயம்?"

ஏன் அன்றைக்கு மட்டும் அப்படிச் சொல்ல வாய் வந்தது என்று தெரியவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரே போய் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரப் பத்தி மனசுல ஒரு வருத்தம் ஐயா."

அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய சற்குணம் அப்படியே வந்து நின்றது போல இருந்தது.

"குடிக்கறாரா?"

"இல்லீங்க."

"கை நீட்டறாரா?"

"ஒருநாளும் இல்ல."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற எங்கயாவது பழக்கம்..." என்றார்.

"சீச்சீ, அதெல்லாம் இல்ல ஐயா."

"இன்னா வேல பாக்கறாரு?"

"கோயில் ஊழியம்."

"ஊழியக்காரரா!" என்று சாய்ந்துகொண்டார். "அப்ப கஷ்டம்தான். ஊருக்கெல்லாம் ஓடுவானுங்க. வீட்டுக்கு மிச்சம்தான் வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவளுக்கு, தொடர்ந்து சொல்லச் சொல்லச் சிரிப்பு போய்விட்டது. தனக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததைச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள். அடக்கம் ஆனதையும், மறுநாள் கல்யாணம் நடந்ததையும், ஒலிபெருக்கியில் கேட்ட சிரிப்பையும் சொன்னாள். "எங்கிட்ட வந்து ஒரு வார்த்த பேசல ஐயா. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய்ட்டாரு. மறுநாள் ஊரையே சிரிக்க வெச்சாரு. அவரால எப்பிடி முடிஞ்சுது?"

அவர் வெகுநேரம் விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கீரையை எடுக்கப் போனாள்.

"கல்யாணப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சும்மா? அதுக்கு அது ஒருநாள்தானே" என்றார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, இல்ல. அப்பிடிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. அங்க போனது சரி. ஆனா வாசப்படி தாண்டி உள்ள வந்திருக்கணும். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவன் உங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கணும். தப்புதாம்மா. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

கிருபாவதி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணலாமா?" என்றார் அவர். அவள் தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, இந்தச் சகோதரியோட வீட்டுக்காரருக்காக உம்மகிட்ட வர்றேன். அந்த மனுசன் கல்லு இல்ல, ஆண்டவரே. பயந்தவன். உள்ள போனா ஒடஞ்சுடுவோம், அப்புறம் எழுந்துக்க மாட்டோம்னு பயந்து வெளியவே நின்னுட்டான். அவன உள்ள கூட்டிட்டு வாரும். இந்தம்மா மனசுல இருக்கற பாரத்த எடுத்துப் போடும். சுகந்திக் குட்டிய உம்ம மடியில வெச்சுக்கும். ஆமென்."

குழந்தையின் பெயரை அவள் சொல்லவே இல்லை. சொன்னாளா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். "என் பொண்ணு", "கொழந்த" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துதான் சொன்னாரா என்று அந்த முகத்தில் தேடினாள். அங்கே ஒரு போதகரின் சாந்தம்தான் இருந்தது. "காப்பி குடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். "எங்க வீட்டம்மா கம்பெனிக்குப் போயிருக்காங்க. நானே போட்டுத் தர்றேன்" என்று எழப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க, நான் போடறேன்" என்று அவள் அடுப்படிக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சமையல் மேடையில் முகம் கவிழ்த்து அழுதாள். குழந்தையை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. அதற்கப்புறம் ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். அவருக்குப் பிடிபடவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது சளி பிடித்து, நெஞ்சில் கட்டிக்கொண்டு, வெகு சீக்கிரத்தில் போய்விட்டார்.

இதில் முக்கியமானதைத்தான் கிருபாவதி மைக்கின் முன்னால் சொன்னாள். மேடைப் பேச்சு தெரியாதவள். ஒன்று சொல்லி, விட்டதை நினைவுகூர்ந்து பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். "குடிக்கறாரா, கை நீட்டறாரா" என்ற இடத்தில் கோயில் முழுக்கச் சிரித்தது. ஜெபத்தைச் சொன்னபோது பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலை குனிந்த ஜெயப்பிரகாஷ் நிமிரவே இல்லை.

"எல்லாரும் அவர ரொம்ப நல்லவருன்னு சொல்றீங்க. நெசந்தான். எனக்கு மட்டும் அவரு மேல ஒரு கோவம் இருந்துச்சு. அந்தக் கோவத்த அவருகிட்டயே சொல்லட்டும்னு எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. அவ்ளோதான்" என்று முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிரேம்குமார் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்து மரத்தடியில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது.

"அம்மா, என்னத் தெரியுதா? கலையரசி. குடியாத்தம். அன்னிக்குக் கல்யாணம் ஆனது எனக்குத்தான்."

கிருபாவதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. உங்க வீட்டுல சாவுன்னு கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுதான் எங்கப்பா சொன்னாரு. மாப்ள வீட்டுல சகுனம் அது இதுன்னு பேசுவாங்க, பொண்ணு வாழ்க்க போய்டும்னு பாஸ்டர் ஐயாதான் தள்ளிப்போட வேணாம்னாராம். அதுக்கப்புறம் அவரு மூஞ்சப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கும். அவருதான் வருசா வருசம் எங்க வீட்டுக்கு வருவாரு."

"உங்க வீட்டுக்கா?"

"ஆமாம்மா. எங்க கல்யாண நாளுக்கு மொத நாளு. எங்க வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்டுவாரு. ரொம்ப நேரம் உக்காந்திருப்பாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஒவ்வொரு வருஷமும் அந்தச் சமயத்தில் அவர் குடியாத்தத்தில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போவது கிருபாவதிக்கு நினைவு வந்தது. அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையை அடக்கம் செய்த நாளில்கூட வீட்டில் இருக்க அவருக்கு நேரமில்லையே என்று மனதுக்குள் வைதிருக்கிறாள். அந்தத் தேதி அவருக்கு மறந்தே போய்விட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

ஆறுதல் வரவில்லை. சுருக்கென்று கோபம்தான் வந்தது. "என்னயும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றாள். கலையரசியிடம் சொல்வது போல இல்லை அது. "நான் வரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, அவரு அங்க தனியா உக்காந்து அழறாரு, நான் இங்க தனியா உக்காந்து அழறேன். இது இன்னா கூத்து?"

கலையரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த ஜெயப்பிரகாஷ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான். "ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சதும் குடியாத்தம் போலாம்மா. ரெண்டு பேரும் போலாம்" என்றான்.

சொன்னபடியே போனார்கள். கலையரசி முனைக் கடையருகே காத்திருந்து கூட்டிக்கொண்டு போனாள். கல்லறைத் தோட்டம் முள்செடி மண்டிக் கிடந்தது. ஆனால் குழந்தையின் கல்லறைக்குப் போகும் பாதை மட்டும் தேய்ந்து தெளிவாக இருந்தது. சின்னக் கல்லறை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. "ஐயா வர்றது நின்னப்புறம் எங்க வீட்டுக்காரருதான் அடிக்கறாரு" என்றாள் கலையரசி.

கிருபாவதி தரையில் உட்கார்ந்து கல்லின்மேல் கையை வைத்தாள். வெயிலில் கல் சுட்டது. கையை எடுக்கவில்லை. கோபம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே இடத்தில்தான் அவரும் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது, சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட வேண்டும் போல இருந்தது.

ஜெயப்பிரகாஷ் பேண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான். கல்லில் செதுக்கியிருந்த பெயரை வாசித்தான். "அக்கா எப்பிடிம்மா இருப்பா?" என்று கேட்டான்.

"பிடிவாதக்காரி" என்றாள் கிருபாவதி. "அடங்கவே மாட்டா. தெருவுல தறி ஓட்ற சத்தம் கேட்டா போதும், அதுக்கேத்த மாதிரி தலைய இப்பிடி இப்பிடி ஆட்டுவா. பேசறது மழல, ஆனா நாள் பூராவும் பேசுவா. உங்கப்பா அங்கிய மாட்டிக்கிட்டுக் கோயிலுக்குக் கெளம்பினா அந்த அங்கிக்குள்ள பூந்துக்குவா. அவரு அப்பிடியே ரெண்டு தப்படி நடப்பாரு, வெளிய நாலு கால் தெரியும். ஒருநாள் இன்னா பண்ணா தெரியுமா..."

கலையரசியும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கிருபாவதி சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளையின் பெயரை வாய் நிறையச் சொன்னாள். மகன் இடையிடையே கேள்வி கேட்டான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்துகொள்ளவில்லை.